கீழ்ப் பல்செட் நிற்கவில்லை: ஒட்டும் கிரீமா, குஷனா, வேறு வழி உண்டா?

காவிரிக்கரை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். என் தாயாருக்கு வயது 74. கும்பகோணத்தில் என்னுடன் இருக்கிறார். ஆறு ஆண்டுகளுக்கு முன்பு அவருக்கு மேலும் கீழும் முழுப் பல்செட் கட்டினோம். முதல் மூன்று, நான்கு ஆண்டுகள் வரை வீட்டில் அதைப் பற்றிய பேச்சே எழவில்லை. முறுக்கைக்கூடச் சிறிது சிறிதாக உடைத்து மென்றுவிடுவார். கடந்த ஓராண்டாக நிலைமை மாறிவிட்டது. மேல் செட் சிரித்தாலும் தும்மினாலும் இறங்குகிறது. கீழ் செட்டோ வாயைத் திறந்த உடனேயே மிதந்து எழுந்து நாக்கின்மேல் ஏறிக்கொள்கிறது. அவருக்குப் பதினைந்து ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உண்டு. இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். இரண்டு ஆண்டுகளில் ஒன்பது கிலோ எடை குறைந்திருக்கிறது. வாய் எப்போதும் வறண்டே இருக்கிறது என்கிறார்.

அமெரிக்காவில் இருக்கும் என் தம்பி 68 கிராம் கொண்ட ஒட்டும் கிரீம் டியூப்களை வாங்கி அனுப்பிக்கொண்டிருந்தான். தொடக்கத்தில் ஒரு டியூப் ஒன்றரை மாதம் வந்தது. இப்போது இரண்டு வாரத்தில் தீர்ந்துவிடுகிறது, ஏனென்றால் அம்மா ஒவ்வொரு வேளை சாப்பாட்டுக்குப் பிறகும் புதிதாகத் தடவிக்கொள்கிறார். சென்ற மாதம் வந்திருந்த தம்பி, வெந்நீரில் காட்டி மென்மையாக்கிச் செட்டின் உட்புறத்தில் ஒட்டிக்கொள்ளும் குஷன் தாள்களையும் கொண்டுவந்தான். முதல் நான்கு நாட்கள் அம்மாவுக்கு மிகுந்த மகிழ்ச்சி. சப்பாத்தி கேட்டுச் சாப்பிட்டார். ஐந்தாம் நாளிலிருந்து வலப்பக்கப் பல் மட்டும் முதலில் இடிப்பதாகவும், காதின் கீழே தாடை வலிப்பதாகவும் சொல்லத் தொடங்கினார். நேற்று டார்ச் அடித்துப் பார்த்தேன். கீழ் ஈற்றின் இடப்பக்க உட்புறத்தில் துவரம்பருப்பு அளவுக்கு வெள்ளை விளிம்புடன் ஒரு புண் இருக்கிறது.

வெள்ளிக்கிழமைகளில் கோயில் பாராயணக் குழுவுக்கு அவர்தான் முதல் குரல் கொடுப்பவர். இப்போது கைக்குட்டையால் வாயை மறைத்துக்கொண்டு பின்வரிசையில் உட்காருகிறார். வீட்டிலும், எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு, குழையப் பிசைந்த தயிர்சாதத்தைச் சமையலறையிலேயே நின்றபடி சாப்பிட்டுவிடுகிறார். செட் கட்டிய மருத்துவமனையில் கேட்டபோது, "பழைய செட்டைத் தொட மாட்டோம், புதிதாகவே கட்டிக்கொள்ளுங்கள்" என்று மட்டும் சொன்னார்கள்.

கிரீம், பவுடர், ஸ்ட்ரிப் (ஒட்டும் பட்டை) ஆகியவற்றில் இவருக்கு எது ஏற்றது, எவ்வளவு பூச வேண்டும், குஷனைத் தொடரலாமா, புதுச் செட் கட்டுவதைத் தவிர வேறு வழியே இல்லையா என்பதை அனுபவமுள்ளவர்கள் தெரிவித்தால் உதவியாக இருக்கும். கிரீமில் உள்ள துத்தநாகம் நரம்புக்குக் கெடுதல் என்று எங்கோ படித்ததிலிருந்து அதுவும் ஒரு கவலையாக இருக்கிறது.

பல்லாங்குழி (பதில்)

சகோதரி, நான் மருத்துவர் அல்லன். 71 வயதில், பதினோரு ஆண்டுகளாக முழுப் பல்செட் அணிந்துவரும் ஓய்வுபெற்ற ஆசிரியன். குஷனைப் பற்றிச் சொல்ல எனக்கு அனுபவம் இல்லை. கிரீமைப் பற்றி நிறையவே உண்டு, பெரும்பகுதி தவறு செய்து கற்றுக்கொண்டது.

நம்மில் பலர் செய்யும் முதல் தவறு, பற்பசையைப் பிரஷ்ஷில் வைப்பதுபோலச் செட்டின் பள்ளம் முழுவதும் கிரீமை நீளமாகப் பிழிந்துவிடுவது. கிரீம் எச்சிலில் ஊறியதும் உப்பும். உப்பியது ஓரங்களில் பிதுங்கி வழியும். வழிந்ததை நாக்கு தேடித் தேடி எடுத்து விழுங்கிக்கொண்டே இருக்கும். ஓர் உறவினர் வீட்டுத் திருமணப் பந்தியில் நான் அப்படிப் பூசிக்கொண்டு போய், முதல் வாய் ரவா கேசரி எது, கிரீம் எது என்று தெரியாமல் திண்டாடியிருக்கிறேன். இன்னொரு விபரீதமும் உண்டு. தடிமனாகப் பூசினால் செட் அந்தக் கிரீமின்மேல் வழுக்கிக்கொண்டுதான் நிற்குமே தவிர, ஈற்றில் உட்காராது.

நான் இப்போது செய்யும் முறை இது. காலையில் செட்டை நன்றாகத் தேய்த்துக் கழுவி, உட்புறத்தைச் சுத்தமான துணியால் ஈரமின்றித் துடைத்துவிடுவேன். வாயைக் கொப்பளித்து, முந்தைய நாளின் கிரீம் எதுவும் ஈற்றில் ஒட்டியிருக்கவில்லை என்று விரலால் தடவிப் பார்ப்பேன். மேல் செட்டுக்கு முன்பக்கம் ஒன்று, கடைவாய்ப் பக்கங்களில் ஒவ்வொன்று, அண்ணத்தின் நடுவில் ஒன்று என நான்கு பொட்டு. கீழ் செட்டுக்கு மூன்று பொட்டு. ஒவ்வொன்றும் பச்சைப் பட்டாணியைவிடச் சிறியதாகவே இருக்கும். விளிம்பை ஒட்டி வைப்பதில்லை. மேல் செட்டை முதலில் வைத்து, கட்டைவிரலால் சில நொடிகள் அழுத்திப் பிடித்து, பிறகு கீழ் செட்டையும் வைத்து மெல்லக் கடித்தபடி ஒரு நிமிடம் பேசாமல் இருப்பேன். பிதுங்கி வந்தால் அளவு கூடிவிட்டது என்று பொருள், மறுநாள் குறைத்துக்கொள்வேன். சரியான அளவைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வாரம் ஆயிற்று.

பூசிய உடனே சூடான காப்பி குடிக்கக் கூடாது. கிரீம் பிடிப்பதற்குள் சூடும் நீரும் அதைக் கரைத்துவிடுகின்றன. ஆகவே காலைக் காப்பியைச் செட் இல்லாமலே குடித்துவிட்டு, பிறகுதான் செட்டை அணிகிறேன். பந்தியில் அல்வாவும் மைசூர்பாகும் கண்ணுக்கு மட்டும்தான். ஒட்டிப் பிடித்து இழுக்கும் தின்பண்டத்துக்கு எந்தக் கிரீமும் ஈடுகொடுக்காது. முன்பல்லால் கடித்து இழுப்பதை விட்டுவிட்டு, சிறு துண்டாக்கி இரண்டு பக்கமும் சமமாகப் போட்டு மெல்லப் பழகினால் பாதித் தொல்லை தீர்ந்துவிடும்.

கிரீமைவிடப் பவுடரை விரும்புவோரும் இருக்கிறார்கள். செட்டை ஈரமாக்கி, உட்புறம் முழுவதும் மெல்லிய படலமாகத் தூவி, கவிழ்த்துத் தட்டி அதிகப்படியை உதிர்த்துவிட்டு அணிய வேண்டும். கழுவுவது எளிது, வழியும் தொல்லையும் இல்லை. ஆனால் கீழ் செட்டில் அது எனக்கு மதியம் வரைகூடத் தாங்கவில்லை. ஃபிக்ஸான், பாலிடென்ட் போன்றவை நம்மூர் மருந்துக்கடைகளிலேயே கிடைக்கின்றன. இதற்காக அமெரிக்காவிலிருந்து வரவழைக்க வேண்டியதில்லை.

இரவில் கழற்றும்போது ஈற்றில் ஒட்டியிருப்பதை நகத்தால் சுரண்டச் சொல்லாதீர்கள். வெதுவெதுப்பான உப்பு நீரால் கொப்பளித்து, ஈரமான மெல்லிய துணியை விரலில் சுற்றித் துடைத்தால் வந்துவிடும்.

தாடைக்கணக்கு (பதில்)

நான் செயற்கைப்பல் பொருத்தும் துறையில் முதுநிலை படித்த பல் மருத்துவன். உங்கள் தாயாரை நேரில் பார்க்காமல் முடிவாக எதையும் சொல்ல இயலாது. ஆனால் நீங்கள் எழுதியதிலேயே மூன்று செய்திகள் தெளிவாக இருக்கின்றன: கிரீமின் செலவு மூன்று, நான்கு மடங்காக உயர்ந்திருக்கிறது, குஷன் ஒட்டிய பிறகு ஒரு பக்கம் முதலில் இடிக்கிறது, புண் வந்திருக்கிறது. மூன்றும் சேர்ந்து சொல்வது, செட்டுக்கும் தாடைக்கும் இடையில் இருந்த பொருத்தம் போய்விட்டது என்பதே. ஆகவே எந்தக் கிரீம் என்ற கேள்விக்கு முன்பாக, அந்த இடைவெளியை எப்படிச் சரிசெய்வது என்ற கேள்வி நிற்கிறது.

பற்களை எடுத்த பிறகு அவற்றைத் தாங்கியிருந்த எலும்பு மேடு வாழ்நாள் முழுவதும் கரைந்துகொண்டே போகும். முதல் ஆண்டில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் அது நடக்கும். 25 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 1972-இல் வெளியிடப்பட்ட ஓர் ஆய்வு, கீழ்த்தாடையில் இந்தத் தேய்மானம் மேல்தாடையைப்போல ஏறத்தாழ நான்கு மடங்கு என்று காட்டியது. மேல் செட் அண்ணம் முழுவதையும் மூடி, இடையில் உள்ள மெல்லிய உமிழ்நீர்ப் படலத்தின் பிடிப்பாலும் விளிம்பின் அடைப்பாலும் நிற்கிறது. கீழ் செட்டுக்கு லாட வடிவம்தான். அதன் பரப்பு மேல் செட்டின் பரப்பில் பாதியைவிடச் சற்றே கூடுதல். போதாக்குறைக்கு நாக்கும் கன்னத் தசையும் இரு பக்கமும் அதைத் தூக்கிக்கொண்டே இருக்கின்றன. இத்துடன் எடை குறைவு, சர்க்கரை, சில இரத்த அழுத்த மாத்திரைகளால் வரும் வாய்வறட்சி ஆகியவை சேரும்போது, ஆறு ஆண்டுகளுக்கு முன்பு அச்செடுத்த தட்டு இன்றைய வாய்க்குப் பொருந்தாமல் போவதில் வியப்பில்லை.

ஒட்டும் கிரீம் தன்னளவில் கெட்ட பொருள் அன்று. அதில் உள்ள செல்லுலோஸ் பசை உமிழ்நீரை உறிஞ்சி உப்பி, காற்று புகும் சிறு இடைவெளிகளை நிரப்புகிறது. உடன் சேர்க்கப்படும் பாலிமர் உப்புகள் மெதுவாகக் கரைந்து பல மணி நேரம் பிடிப்பைத் தருகின்றன. வாய் மிக வறண்டவருக்கு, பிடிப்புக்குத் தேவையான ஈரமே இல்லாதபோது, இது உண்மையில் உதவும். அணிவதற்கு முன்பு ஒரு மடக்கு நீரால் வாயை நனைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஆனால் அது நிரப்பக்கூடியது தாள் கனத்து இடைவெளியைத்தான். எலும்பு கரைந்து உண்டான பள்ளத்தைக் கிரீமால் தூர்க்க முயன்றால் டியூப் தீருமே ஒழியப் பள்ளம் நிரம்பாது.

துத்தநாகம் பற்றிய உங்கள் கவலைக்கு அடிப்படை உண்டு. 2008-இல் டெக்சாஸ் மருத்துவர்கள் நான்கு நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். அவர்கள் நெடுநாள் வாரத்துக்கு இரண்டு டியூபுக்குக் குறையாமல் கிரீம் பூசியவர்கள். விழுங்கப்பட்ட மிகுதியான துத்தநாகம் உடலில் செம்புச் சத்தைக் குறைத்து, அவர்களின் நரம்புகளைப் பாதித்திருந்தது. 2010-இல் சூப்பர் பாலிகிரிப் கிரீம்களிலிருந்து துத்தநாகம் நீக்கப்பட்டது. வேறு சில கிரீம்களில் அது இன்னும் இருக்கிறது. மேலும் கீழும் செட் அணிபவருக்கு 68 கிராம் டியூப் ஏழெட்டு வாரம் வர வேண்டும் என்பது அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் தரும் கணக்கு. உங்கள் வீட்டில் இரண்டு வாரம் என்றால் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஐந்து கிராம். துத்தநாகம் உள்ள கிரீம்களைச் சோதித்தபோது ஒரு கிராமில் 17 முதல் 34 மில்லிகிராம் வரை இருந்தது. அப்படியானால் ஐந்து கிராமில் குறைந்தது 85 மில்லிகிராம். அத்தனையும் வயிற்றுக்குள் போகாது என்றாலும், பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு மேல்வரம்பு 40 மில்லிகிராம் என்பதை நினைவில் கொள்ளுங்கள். டியூபின் பக்கவாட்டில் 'ஜிங்க்' என்ற சொல் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.

சர்க்கரை நோயாளி என்பதால் ஒன்றைத் தனியே சொல்ல வேண்டும். செம்புக் குறைவால் வரும் கால் மரத்துப்போதலும் நடைத் தள்ளாட்டமும் சர்க்கரையால் வரும் நரம்புத் தளர்ச்சியைப் போலவே தோன்றும். யாரும் கிரீமைச் சந்தேகிக்க மாட்டார்கள். அம்மாவுக்கு அத்தகைய அறிகுறி ஏதேனும் இருந்தால், அவருடைய பொது மருத்துவரிடம் இந்தக் கிரீம் விவரத்தைச் சொல்லுங்கள். இரத்தத்தில் செம்பு, துத்தநாக அளவுகளைப் பார்ப்பது பெரிய காரியம் இல்லை.

குஷனை இன்றே நிறுத்திவிடுங்கள். அது மென்மையாக இருப்பதால் இதமாகத் தோன்றுகிறது. ஆனால் வீட்டில் ஒட்டும்போது எல்லா இடத்திலும் ஒரே கனமாக அமையாது. ஒரு பக்கம் ஒரு மில்லிமீட்டர் உயர்ந்தாலே அந்தப் பக்கப் பல் முதலில் இடிக்கும். அந்த இடியால் தட்டு சாய்ந்து மறுபக்க ஈற்றில் உரசும். வலப்பக்கம் இடிக்கிறது, இடப்பக்கம் புண் என்று நீங்கள் எழுதியிருப்பது இதற்குப் பாடப்புத்தகப் படம்போல இருக்கிறது. அமெரிக்காவில் விற்கப்படும் இத்தகைய குஷன்களின்மேல், தற்காலிகப் பயன்பாட்டுக்கு மட்டும் என்றும், நீண்டநாள் பயன்படுத்தினால் எலும்பு விரைந்து தேய்தல், தொடர் எரிச்சல், புண்கள், கட்டிகள் ஆகியவை வரலாம் என்றும் எச்சரிக்கை அச்சிடப்பட வேண்டும் என்பது அந்நாட்டு விதி. உங்கள் தம்பி கொண்டுவந்த பொட்டலத்திலும் அது இருக்கக்கூடும்.

செய்ய வேண்டியது 'ரீலைன்'. பற்கள் உடையாமலும் அதிகம் தேயாமலும் இருந்தால், செட்டின் உட்புறத்துக்கு மட்டும் இன்றைய தாடைக்கு ஏற்ப, தட்டு செய்யப்படும் பிளாஸ்டிக்கான அக்ரிலிக்கால் புதிய பூச்சு கொடுத்துப் பொருத்தத்தை மீட்கலாம். அதற்கு முன்பு புண் ஆற வேண்டும். அதற்காகத் திசுவை இதப்படுத்தும் மென்பூச்சு ஒன்றை மருத்துவர் தட்டின் உள்ளே ஊற்றி, சில நாட்களுக்கு ஒருமுறை மாற்றுவார். குஷன் தர வேண்டிய இதத்தை முறையாகத் தருவது இதுதான். ஈறு மிக மெலிந்து எலும்பு கூராக இருப்பவர்களுக்கு, நீடித்து உழைக்கும் மென்மையான சிலிக்கோன் பூச்சும் உண்டு. அதில் காளான் தொற்று எளிதில் பற்றும் என்பதால் துப்புரவு கூடுதலாக வேண்டும். பற்கள் மிகவும் தேய்ந்து, மேல் கீழ்ப் பற்கள் கடித்துச் சேரும் உயரம் குறைந்திருந்தால் மட்டுமே புதுச் செட் என்ற பேச்சு. கீழ்த்தாடையில் இரண்டு இம்ப்ளான்ட் (எலும்பில் பதிக்கும் உலோகத் திருகு) பொருத்தி அதன்மேல் செட்டை மாட்டுவதே முதல் தெரிவாக இருக்க வேண்டும் என்று 2002-இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய வல்லுநர்கள் பரிந்துரைத்தார்கள். சர்க்கரை கட்டுக்குள் இருந்தால் 74 வயது அதற்குத் தடை இல்லை. ஆனால் செலவும் உடல்நிலையும் பார்த்து எடுக்க வேண்டிய முடிவு அது.

புண் ஆறும்வரை செட்டைச் சாப்பாட்டுக்கும் வெளியே செல்லவும் மட்டும் அணியட்டும். செட்டைக் கழற்றி வைத்தும் இரண்டு வாரத்தில் ஆறாத புண் எதுவானாலும், குறிப்பாக வெற்றிலை, புகையிலைப் பழக்கம் இருந்தவராயின், மருத்துவர் கட்டாயம் பார்க்க வேண்டும்.

நொய்யலாறு (பதில்)

மருத்துவர் ஐயா சொல்வதை மறுக்கும் தகுதி எனக்கு இல்லை. ஆயினும் குஷனை ஒரேயடியாகத் தள்ளிவிடுவது எல்லோருக்கும் பொருந்துமா என்று கேட்கத் தோன்றுகிறது. என் மாமியாருக்கு 88 வயது. இடுப்பெலும்பு முறிந்து ஒன்றரை ஆண்டாகப் படுக்கையில் இருக்கிறார். நாற்காலியில் உட்காரவைத்துப் பல் மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்வது அவருக்கும் எங்களுக்கும் பெரும் வேதனை. கீழ் செட்டின் உள்ளே நாங்கள் குஷன் தாளை ஒட்டித்தான் கஞ்சியும் இட்லியும் கொடுக்கிறோம். புண் எதுவும் இதுவரை வரவில்லை. இவரைப் போன்றவர்களுக்கு என்ன செய்வது?

தாடைக்கணக்கு (பதில்)

நியாயமான கேள்வி, அம்மா. கஞ்சிக்கும் இட்லிக்கும் பல்செட்டே தேவையில்லை என்பது என் முதல் கருத்து; படுக்கையில் இருப்பவருக்கு, மெல்லத் தேவையில்லாத உணவின்போது செட் இல்லாமல் இருப்பதே பாதுகாப்பு. முகத்தோற்றத்துக்காகவோ அவருடைய விருப்பத்துக்காகவோ அணிவிக்கிறீர்கள் என்றால், குஷன் தாளை நாள்தோறும் எடுத்துப் புதிதாக மாற்றுங்கள். ஈற்றைத் தினமும் டார்ச் அடித்துப் பாருங்கள். வலியைச் சொல்ல முடியாதவருக்கு உங்கள் கண்தான் மருத்துவர்.

இரவில் அணிவித்தே தூங்கவைக்க வேண்டாம். ஜப்பானில் 85 வயதும் அதற்கு மேலும் ஆன 524 பேரைத் தொடர்ந்து கவனித்து 2015-இல் வெளியான ஆய்வில், செட்டுடன் உறங்குபவர்களுக்கு நிமோனியா வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இருந்தது. வீட்டுக்கே வந்து பார்க்கும் பல் மருத்துவர்கள் உங்கள் பகுதியில் இருக்கிறார்களா என்று விசாரியுங்கள். நான் குறிப்பிட்ட மென்பூச்சைப் படுக்கையருகிலேயே செய்துவிடலாம். உங்களைப் போன்றவர்களின் நிலையில், குஷனைத் தவறு என்று நான் சொல்ல மாட்டேன். காவிரிக்கரை அவர்களின் தாயார் நடமாடுகிறார், கோயிலுக்குப் போகிறார். அவர் மருத்துவரிடம் போகலாம் என்பதுதான் வேறுபாடு.

மெழுகும் அச்சும் (பதில்)

மதுரையில் 26 ஆண்டுகளாகப் பல்செட் செய்யும் லேப் வைத்திருக்கிறேன். ரீலைனுக்கு அனுப்பும் முன் ஒரு வேண்டுகோள். குஷனின் மிச்சத்தைக் கத்தி, பிளேடு, மண்ணெண்ணெய், நகப்பூச்சு அழிக்கும் திரவம் என்று எதையும் கொண்டு நீக்க முயலாதீர்கள். எங்களிடம் வரும் செட்டுகளில் பாதிக்கு உட்புறம் சுரண்டிச் சுரண்டிக் கோலம் போட்டதுபோல இருக்கும். விரலால் உரிவதை மட்டும் உரித்துவிட்டு அப்படியே கொடுங்கள். பழைய பசை ஒரு மயிரிழை இருந்தாலும் புது அக்ரிலிக் அந்த இடத்தில் பிடிக்காது. ஆகவே எப்படியும் நாங்கள் உட்புறம் முழுவதையும் ஒரு சுற்று அராவித்தான் பூச்சுக் கொடுப்போம்.

கொதிக்கும் நீரில் போட்டால் கிருமி சாகும் என்று நினைத்துச் செட்டைக் கெடுத்துக்கொண்டு வருபவர்களும் குறையவில்லை. அக்ரிலிக் சூட்டில் முறுக்கிக்கொள்ளும். ஒருமுறை முறுக்கியதை எந்த லேபாலும் நேராக்க முடியாது. குஷனை மென்மையாக்க நீங்கள் எடுத்த வெந்நீரில் செட்டையே முக்கினீர்களா என்பதையும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். ராத்திரி கழற்றி வைக்கும்போது குளிர்ந்த நீரில் மூழ்கியிருக்க வேண்டும். கழுவும்போது தொட்டியில் ஒரு துண்டை விரித்தோ நீர் நிரப்பியோ வைத்துக்கொள்ளுங்கள். கை நழுவி விழுந்து இரண்டாகப் பிளந்ததைக் கடையில் வாங்கிய உடனடிப் பசையால் ஒட்டிக்கொண்டு வந்தால், அந்த இரண்டு துண்டும் பிறகு சரியாகச் சேரவே சேராது.

லேபில் வைத்துச் செய்யும் ரீலைனுக்குச் செட் ஒரு நாளாவது எங்களிடம் இருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை பாராயணம் என்றால், திங்கட்கிழமையே கொடுத்துவிடச் சொல்லுங்கள்.

காவிரிக்கரை (பதில்)

எல்லோருக்கும் நன்றி. உடனே பதில் எழுதாமல், நடந்தவற்றைத் தெரிந்துகொண்டு எழுதலாம் என்று மூன்று வாரம் காத்திருந்தேன்.

டியூபைத் திருப்பிப் பார்த்தேன்; துத்தநாகம் சேர்ந்ததுதான். எழுத்து அவ்வளவு பொடியாக இருந்ததால் கைபேசியில் படமெடுத்துப் பெரிதாக்கித்தான் படிக்க முடிந்தது. குஷன் பொட்டலத்தின் பின்புறத்தில் மருத்துவர் ஐயா சொன்ன எச்சரிக்கை அப்படியே இருந்தது. கால் மரத்துப்போவதாக அம்மா ஓராண்டாகச் சொல்லிக்கொண்டிருந்ததைச் சர்க்கரை என்றே நாங்களும் விட்டிருந்தோம். எங்கள் குடும்ப மருத்துவர் இரத்தத்தில் செம்பு அளவுக்கு எழுதிக் கொடுத்தார். குறைவாக இல்லை, சாதாரண வரம்பின் கீழ்விளிம்பில் இருக்கிறது என்றார். மூன்று மாதம் கழித்து மறுபடியும் பார்க்கச் சொல்லியிருக்கிறார். துத்தநாகம் இல்லாத கிரீமுக்கு மாறிவிட்டோம்.

பிறகு அம்மாவைச் சிதம்பரம் பல் மருத்துவக் கல்லூரிக்கு அழைத்துச் சென்றேன். இளம் மருத்துவர் ஒருவர் கீழ் செட்டை வாயில் வைத்து, வலப்பக்கப் பல்லை விரலால் அழுத்தினார். இடப்பக்கம் எழுந்து நின்றது. அம்மாவின் கையில் ஒரு கண்ணாடியைக் கொடுத்து அதை அவரே பார்க்கும்படி செய்தார். அம்மா அதுவரை, கிரீம் பூசத் தமக்குக் கை வரவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார். மேல் பற்கள் தேய்மானம் குறைவு என்பதால் புதுச் செட் வேண்டாம், ரீலைன் போதும் என்றார்கள். மென்பூச்சு மூன்று முறை மாற்றியபின் புண் முழுவதும் ஆறிவிட்டது. நேற்று இரண்டு செட்டுக்கும் ரீலைன் முடிந்து கைக்கு வந்தது.

இன்று காலை கிரீமே இல்லாமல் இட்லி சாப்பிட்டார். மேல் செட் அசையவில்லை. கீழ் செட் கொஞ்சம் ஆடுகிறது. அதற்கு மட்டும் பல்லாங்குழி ஐயா சொன்னபடி மூன்று பொட்டு வைத்துக் காட்டினேன். ஒரு பொட்டு பெரிதாகிவிட்டது என்று அம்மாவே குறைசொல்லித் துடைத்து எடுத்தார். டியூபின் மேல் திறந்த தேதியைப் பேனாவால் எழுதி வைத்திருக்கிறேன். பாராயணத்துக்கு வரும் வெள்ளிக்கிழமை போக மாட்டாராம். இரண்டு வாரம் வீட்டில் வாய்விட்டுப் படித்துப் பார்த்துவிட்டு, அதன்பிறகு முன்வரிசைக்குப் போவாராம்.

தம்பியிடம் மீதிக் குஷன் பொட்டலங்களை என்ன செய்வது என்று கேட்டேன். இன்னும் பதில் வரவில்லை.